இடதுகால்: கட்டாயம் நிரப்பவும்

முத்தையன்கட்டு இடதுகரை வாய்க்காலில்
அன்றைக்குத் தண்ணீர் திறந்திருந்தார்கள்.
மோட்டார் சைக்கிளை மதகடியில் விட்டுவிட்டு
வரம்பால் நடந்தேன்.
பையில் பிரஷர் மெஷின், சீனி பார்க்கிற குச்சிகள்,
பத்துக் கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலோன் நூல்.

இலக்கம் இருநூற்றேழு.
குலவீரசிங்கம், வயது அறுபத்து நான்கு.
சலரோகம் எப்போதிருந்து?
‘கண்டுபிடிச்சது செட்டிகுளம் முகாமில.
வந்தது எப்பவெண்டு அதுக்குத்தான் தெரியும்.’
கட்டத்துக்குள் ஓர் ஆண்டுக்குத்தான் இடம்.
2009 என்று போட்டேன்.

கிளினிக் மாதம் ஒருக்கா, இரண்டு பஸ்.
இன்சுலின் மண்முட்டிக்குள், ஈரச்சாக்குச் சுற்றி.
பிரிஜ் இருக்கிறதே என்றேன்.
கறண்ட் வெட்டி மூன்று மாதம்,
உள்ளே விதை உளுந்து, எலிக்குப் பயந்து
என்றார் மங்கையற்கரசி.

நூலை எடுத்தேன்.
‘தங்கூசி எல்லோ பிள்ளை!’
விரலிடையில் உருட்டிப் பார்த்தார்.
‘முள்ளுக் கட்டவும் நீளம் காணாது.’

கண்ணை மூடுங்கோ, படேக்கை ஓம் எண்டு சொல்லுங்கோ.
வலது பெருவிரல்.
நடுவிரல்.
குதி, கோடையில் குளம் வெடித்த மாதிரி.
நூல் வளைந்து நிமிர்ந்தது, வளைந்து நிமிர்ந்தது.
வாய்க்கால் சத்தம் மட்டும்.

கையை எடுத்துவிட்டேன்.
பேனையைத் தேடிக்கொண்டிருக்கையில்
‘ஓம்’ என்றார்.
எங்க ஐயா?
‘இடது சின்னவிரல்.’

பொய்க்கால் சுவரோடு சாய்ந்து நின்றது, சப்பாத்தோடு.
அவருடைய முழங்காலுக்குக் கீழே
வெய்யில் மட்டும் விழுந்துகிடந்தது.
‘இருக்கிறது வாய் திறக்காது,
இல்லாதது இரவிரவாய்க் குத்தும்.
எதை மரத்துப்போச்சு எண்டு எழுதுவாய்?’

இடதுகால் புள்ளி: பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
வெறுமையாய் விட்டால் அடுத்த பக்கம் திறக்காது.
பூச்சியம் போட்டேன்.
திறந்தது:
வாரத்தில் எத்தனை நாள் பழம் சாப்பிடுகிறீர்கள்?

ஆவணியில் கொழும்பிலிருந்து கூட்டம், திரையில்.
துப்புரவு செய்த தரவு என்று காட்டினார்கள்.
முன்னூற்றுப் பன்னிரண்டில் பத்தொன்பது பேர் இல்லை.
ஒரு கால் இல்லாதவரை
இரு கால் உள்ளவரோடு ஒப்பிட முடியாதாம்.
நியாயந்தான்.
அவர்களை எடுத்தபிறகு எங்கள் தூண் குறுகி
மேல்மாகாணத் தூணோடு தோள் சேர்ந்து நின்றது.
வித்தியாசம் இல்லை என்றது பி-பெறுமதி.
யாரோ ‘நல்ல செய்தி’ என்றார்கள்.

மைக்கைத் திறந்தேன்.
அந்தப் பத்தொன்பது பேருக்கும் மற்றக் கால்
இரண்டு காலின் பாரம் சுமக்கிறது,
புண் முதலில் வருவது அதில்,
அதைத் தேடித்தானே வரம்பு வரம்பாய் நடந்தோம்
என்று சொல்ல நினைத்தேன்.
பாதிதான் வந்தது, அதுவும் ஆங்கிலத்தில்.

இரங்கி ஓர் அடிக்குறிப்புத் தந்தார்கள்,
அட்டவணைக்குக் கீழே, எறும்பு எழுத்தில்.
அடி இழந்தவர்களுக்கு அடிக்குறிப்பு.

பத்துப் பேரைத் தொட்ட நூலுக்கு
ஒருநாள் ஓய்வு கொடுக்கவேண்டும்,
இல்லாவிட்டால் பிழையாய்ச் சொல்லும் என்கிறது கையேடு.
மனிதருக்கு எவ்வளவு என்று அதில் இல்லை.

இரண்டாம் சுற்றில் வாய்க்கால் காய்ந்துகிடந்தது.
ஒட்டுசுட்டான் கடையில்
ஒரு சுருள் தங்கூசி வாங்கிக்கொண்டு போயிருந்தேன்.
மங்கையற்கரசி படலைக்கு வந்தார்.
‘மாஞ்சோலை ஆஸ்பத்திரியில.
சைலன்சர் சுட்டது, மூண்டு நாளாய்த் தெரியேல்லை.
மணந்தாப்பிறகுதான்…’

இலக்கம் இருநூற்றேழைத் திறந்தேன்.
புதிய புண் உண்டா? ஆம்.
எந்தக் கால் என்று கேட்கிறது படிவம்.